தற்காலிகக் கணக்கு வந்த கதை

போன மாதம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் என் இடத்துக்கு வந்தவள். புதிதாகச் சேரும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கணினி வசதிகளை அறிமுகம் செய்துவைப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. நான் இருந்தவரை அவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து நேரில் செய்தோம். இப்போது காணொளி எடுத்துப் போட்டுவிட்டார்கள். மாணவர் இருந்த இடத்திலேயே பார்த்துக்கொள்கிறார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கவிதா கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு.

புது மென்பொருள் வருகிறதாம். பழைய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கிறார்களாம். "அக்கா, பதிவு முடியாத பிள்ளைங்களுக்கு மொத நாளே ஒரு தற்காலிகக் கணக்கு கொடுக்குறோம்ல, அது எதுக்கு வந்துச்சுன்னு இங்க யாருக்கும் தெரியல. தூக்கிரலாமான்னு மீட்டிங்ல கேக்குறாங்க" என்றாள்.

தூக்காதே, காரணம் சொல்கிறேன் என்றேன். சொல்ல ஆரம்பித்தேன், போனில் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வேலைக் காலத்தின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டர்வொர்த்தில் பள்ளி முடித்து, ஒரு டிப்ளோமா வாங்கி, கணினி மையத்தில் அச்சுப்பொறிக்குத் தாள் போடுகிற வேலையில் சேர்ந்தேன். பெரிய இயந்திரங்கள் போய்ச் சின்ன இயந்திரங்கள் வந்தன, அப்புறம் வலைப்பின்னல் வந்தது. வந்ததையெல்லாம் படித்துக்கொண்டேன். மாணவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைப் பிடித்துப் போட்டதற்கு என் அறிவு காரணமில்லை. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் பேசுவேன். ஒரே கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும் எரிந்துவிழ மாட்டேன். அதுதான் தகுதி.

வகுப்பு தரைத்தளக் கணினிக் கூடத்தில் நடக்கும். குளிர்சாதனத்தின் குளிர் தாங்காமல் மாணவர்கள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே நுழையச் சொல்வேன். ஆரம்பக் கடவுச்சொல்லை அங்கேயே, என் கண் முன்னால் மாற்றவைப்பேன். அப்புறம் மின்னஞ்சல். அப்புறம் வளாகத்துக்கு வெளியே இருந்துகொண்டு நூலகத்தின் ஆய்விதழ்களைத் திறப்பது எப்படி என்று காட்டுவேன். அந்த இதழ்களுக்குப் பல்கலைக்கழகம் பெரும் பணம் கட்டுகிறது, படிக்கிற அளவுக்கு மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள், கூடையோடு அள்ளாதீர்கள் என்பேன். புள்ளியியல் மென்பொருளின் உரிமம், மேற்கோள்களை அடுக்கிக்கொடுக்கும் மென்பொருள், எல்லாரும் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய கணிப்பு இயந்திரத்தில் வரிசைக்குக் காத்திருப்பது, ஆய்வேட்டை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொண்டு அலையக்கூடாது என்பது, இப்படிப் போகும்.

கடைசியாகக் கடவுச்சொல்லுக்கு வருவேன். வீட்டுச் சாவியை ஒருவருக்குக் கொடுத்தால் அவர் உங்கள் வீட்டுக்குள் போவார், அவ்வளவுதான். கடவுச்சொல்லைக் கொடுத்தால் அவர் நீங்களாகவே ஆகிவிடுவார். அவர் செய்வதெல்லாம் நீங்கள் செய்தது. இதைச் சொல்லும்போது சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

என் மேலதிகாரி என்சிக் ஹாஷிம்; மலாயில் என்சிக் என்றால் திரு. உயரமான, மெலிந்த மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கடிதம் வந்தால் முழுவதும் படிப்பார், மேசையில் கவிழ்த்து வைப்பார், அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். அவருடைய அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். கதவை மூடிக்கொண்டு பேச வேண்டியது எதுவோ, அதை ஆபீசில் பேசவே கூடாது என்பது அவர் கொள்கை. அவரைச் சிலர் பயந்தவர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கையெழுத்துப் போட்டால் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர். அதனால் கையெழுத்துப் போடக் காலம் எடுப்பார்.

அவரிடம் நான் பல தடவை கொண்டுபோன ஒரு விஷயம் உண்டு. உள்ளூர் மாணவர்களுக்குச் சேர்ந்த வாரமே கணக்குத் திறந்துவிடும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அப்படியில்லை. அவர்களுடைய மாணவர் விசா கடப்பிதழில் ஒட்டப்பட்டு, பதிவுப் பிரிவு அதை உறுதி செய்து எங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சில சமயம் மாதங்கள். ஆனால் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டிய கெடு மட்டும் அவர்களுக்காகக் காத்திருக்காது. இதழ்களைப் படிக்காமல் திட்டம் எழுத முடியாது, கணக்கு இல்லாமல் இதழ்களைப் படிக்க முடியாது. அவர்கள் என்ன செய்வார்கள்? யாரிடமாவது இரவல் வாங்குவார்கள். எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இடம் கொடுத்திருக்கிறோம் என்று பல்கலைக்கழகம் அனுப்பும் சலுகைக் கடிதத்தைக் காட்டினால் போதும், தற்காலிகமாக ஒரு கணக்கைக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். என்சிக் ஹாஷிம் மறுக்கவில்லை. பதிவாகாத ஆளுக்குக் கணக்குக் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும், யோசிப்போம் என்றார். அடுத்த ஆண்டும் கேட்டேன். அதே பதிலை அதே மரியாதையோடு சொன்னார்.

லோகேஸ்வரன் அப்படியொரு வகுப்பில்தான் எனக்கு அறிமுகம். மற்ற பிள்ளைகளைவிட வயது கூடியவர், முப்பதைத் தாண்டியிருந்தார். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியனாக இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பட்டம் முடித்து, அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வுக்கு வந்தவர். ஆற்று நீரில் கலக்கும் உலோகக் கழிவு பற்றி ஆய்வு. செபராங் ஜெயாவில் வீடு. மனைவி செல்வி ஒரு கிளினிக்கில் வேலை செய்தாள், ஒரு சின்னப் பெண் குழந்தை. தினமும் கடல் பாலத்தைக் கடந்து தீவிலிருக்கும் வளாகத்துக்கு வந்து போவது கட்டாது என்று, வளாகத்துக்குப் பக்கத்தில் கெலுகோரில் ஓர் அறையைப் பகிர்ந்து தங்கியிருந்தார். வார இறுதியில் வீட்டுக்குப் போவார். வழிகாட்டிப் பேராசிரியரின் திட்டத்திலிருந்து வந்த மாத உதவித்தொகைதான் அவருடைய வருமானம்.

அறையைப் பகிர்ந்தவன் மயூரன். யாழ்ப்பாணத்துப் பையன், இருபத்தைந்து வயதுக்குள். முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தான். விசா இன்னும் வரவில்லை, கணக்கும் இல்லை. வகுப்பில் எல்லாரும் உள்ளே நுழைந்துகொண்டிருக்க, அவன் மட்டும் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த லோகேஸ்வரன் தன் விசைப்பலகையை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார். "இதுலயே பாத்துக்கலாம் தம்பி" என்றார். அதை நான் பார்த்தேன். ஒரே திரையில் இருவர் சேர்ந்து கற்பதில் தவறில்லை, நல்ல மனிதர் என்று நினைத்தபடி அடுத்த வரிசைக்குப் போனேன்.

வகுப்பு முடிந்து இருவரும் என்னிடம் வந்தார்கள். மயூரன் எப்போது கணக்குத் திறக்கும் என்று கேட்டான். பதிவுப் பிரிவில் கேட்டுக்கொண்டே இரு, நானும் கேட்கிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன். இன்னும் வரவில்லை என்றார்கள்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதல் அழைப்பு மருந்தியல் துறையிலிருந்து வந்தது: ஓர் ஆய்விதழ் நிறுவனத்தின் தளம் திறக்கவில்லை. அடுத்தடுத்து எல்லாத் துறைகளிலிருந்தும் வந்தது. நூலகத்துக்கு அந்த நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை நூலகர் எங்களுக்கு அனுப்பினார். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் நிரல் வைத்து எங்கள் இதழ்களை மொத்தமாக இறக்கியிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தோம் என்று எழுதிக் கொடுக்கும்வரை உங்கள் அனைவருக்கும் அனுமதி நிறுத்தம். இதுதான் சாரம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் அது. பேராசிரியர்கள் கொதித்துப்போனார்கள்.

இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் முறை இருந்தது. அவர்கள் தரும் நேரம் அவர்கள் நாட்டு நேரம். அதை நம் நேரத்துக்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் நுழைவாயில் வழியாக அந்தத் தளத்துக்கு யார் யார் போனார்கள் என்ற பதிவை எடுக்க வேண்டும். ஒரே கணக்கிலிருந்து, மனிதக் கை சொடுக்க முடியாத வேகத்தில் போன கோரிக்கைகளைப் பிரிக்க வேண்டும். நான் செய்து முடித்து ஒரு பெயரைக் கொண்டுபோனேன். என்சிக் ஹாஷிம் அந்தப் பெயரைப் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, என் விடையைக் காட்டாமல் அவரை முதலிலிருந்து செய்யச் சொன்னார். ஒரு மணி நேரக் கணக்கு பிசகினால் வேறு ஒருவர் பெயர் வந்துவிடும், இது மனிதரின் பெயர் என்றார். இரண்டாவது ஆளும் அதே பெயரைக் கொண்டுவந்தார்.

லோகேஸ்வரன்.

கணக்கை முடக்கிவிட்டு அவரைக் கூப்பிட்டோம். ஆற்றிலிருந்து நேராக வந்திருந்தார். கால்சட்டையின் ஓரத்தில் சேறு. என்சிக் ஹாஷிம் நாற்காலி காட்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னார். லோகேஸ்வரன் முகம் ஒரு கணம் வெறுமையாக ஆனது. இவருக்கே இப்போதுதான் தெரிகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு, நான்தான் செய்தேன் என்றார்.

நிரலை எந்த மொழியில் எழுதினீர்கள் என்று என்சிக் ஹாஷிம் கேட்டார். லோகேஸ்வரன் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போட்டேன் என்றார். என்சிக் ஹாஷிம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கணக்கின் உரிமையாளர் ஒப்புக்கொண்டார் என்று எழுதினார்.

நான் வெளியே வந்து, நடைபாதையில் அவரைப் பிடித்தேன். மயூரன்தானே என்றேன். அவர் மறைக்கவில்லை. திட்டக் கெடு நெருங்குகிறது என்று மயூரன் தவித்ததைப் பார்த்துக் கடவுச்சொல்லைத் தானே கொடுத்ததாகச் சொன்னார். ஒவ்வொன்றாக இறக்க நேரமில்லை என்று மயூரன் ஒரு நிரலை ஓடவிட்டுவிட்டு வெளியே போயிருக்கிறான். விடுமுறை நாள் முழுக்க அது ஓடியிருக்கிறது. அதன் விபரீதம் அவனுக்குத் தெரியவில்லை. கூடையோடு அள்ளாதீர்கள் என்று நான் சொன்னது, கணக்கே இல்லாதவன் காதில் எந்த அளவுக்கு விழுந்திருக்கும்?

"அக்கா, குழு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவனுக்கு இன்னும் விசா ஒட்டல. பேரு வந்துச்சுன்னா மறுநாளே அனுப்பிருவாங்க. எனக்கு என்ன, மொத தடவ, மிஞ்சிப் போனா ஒரு வார்னிங்தானே."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்கு முன் இரண்டொரு சம்பவங்களில் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஓர் எச்சரிக்கைக் கடிதம், மறுபக்கம் ஒரு பையனின் எதிர்காலம். சரி என்றேன்.

ஒழுங்கு விசாரணைக் குழு அடுத்த வாரம் கூடியது. என்னைத் தொழில்நுட்பச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். இந்தக் கணக்கு யாருடையது என்று கேட்டார்கள், சொன்னேன். வேறு யாராவது பயன்படுத்தியிருந்தால் தெரியுமா என்று குழுவில் இருந்த ஓர் அம்மையார் கேட்டார். இயந்திரத்துக்குப் பெயர்தான் தெரியும், விரல்கள் தெரியாது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்குள் தலைவர் குறுக்கிட்டு, மாணவரே ஒப்புக்கொண்டாரே, பிறகென்ன என்றார். விதிகள் இவருக்குச் சொல்லப்பட்டனவா என்பது அடுத்த கேள்வி. சொல்லப்பட்டன என்றேன். யாரால்? என்னால். என்ன சொன்னீர்கள்? கடவுச்சொல்லைக் கொடுத்தால் அவர் நீங்களாகவே ஆகிவிடுவார் என்று மாணவர்கள் சிரிக்கச் சிரிக்க நான் சொல்லும் வாக்கியத்தை அங்கே ஆங்கிலத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் குறித்துக்கொண்டார்.

பல்கலைக்கழகமே ஒரு வாரம் முடங்கிப்போயிருந்தது. இந்த முறை சும்மா விடக்கூடாது என்று மேலிருந்து அழுத்தம் இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தீர்ப்பு வந்தது: ஓராண்டு இடைநீக்கம், உதவித்தொகை ரத்து.

தகவல் கேட்டதும் லோகேஸ்வரனைத் தேடி ஆய்வகத்துக்குப் போனேன். நீர் மாதிரிக் குப்பிகளைத் துறையின் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தது சரியாகத் தெரிகிறதா என்று திருப்பித் திருப்பி வைத்தார். "யாராச்சும் தொடர்ந்து செஞ்சா ஒதவும்" என்றார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். குழுவிடம் பொய் சொன்னதாக அதற்கும் தனியாகத் தண்டிப்பார்கள், மயூரனும் போய்விடுவான் என்றார். அவர் சொன்னது சரி. ஓராண்டு கழித்து வரலாம் என்று நான் சொன்னேன். தலையாட்டினார். கெலுகோர் அறையை அன்றைக்கே காலி செய்துவிட்டார். அப்போது மயூரன் அறையில் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த சில நாட்களில் மயூரனுடைய விசா வந்தது. கணக்கும் திறந்தது. அதைத் திறந்தது நான்தான்.

அவன் கணக்கைப் பெற்றுக்கொள்ள வரவில்லை. என்சிக் ஹாஷிமைப் பார்க்க வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது. "அக்கா, நீங்களும் உள்ளுக்க வாங்கோ. பதட்டத்திலை எனக்கு இங்கிலீசு பிசகிடும். பிழை செய்தது நான் எண்டு சொல்ல வேணும். அண்ணை என்ர பிழையைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்."

போய் நின்றோம். என்சிக் ஹாஷிம் உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் கைகளைக் கட்டாமல், பின்னால் ஒளிக்காமல், தொங்கவிட்டபடி நின்றான். எல்லாவற்றையும் சொன்னான். கடவுச்சொல் வாங்கியது, நிரல் எழுதியது, ஓடவிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனது. பாதி ஆங்கிலத்தில், தடுமாறிய இடத்தில் தமிழில். தமிழை நான் மலாயில் சொன்னேன்.

என்சிக் ஹாஷிம் எழுந்து போய்க் கதவை மூடினார். அத்தனை ஆண்டுகளில் அந்தக் கதவு மூடியதை அன்று ஒரு முறைதான் பார்த்தேன்.

திரும்பி வந்து அவர் சொன்னது இதுதான். இதை நான் எழுதினால் நீ ஊருக்குப் போவாய். லோகேஸ்வரனின் தண்டனை குறையாது, கூடும். ஆகவே நான் எழுதப்போவதில்லை. நீ எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை. போய்ப் படித்து முடி.

மயூரன் அசையவில்லை. "அப்ப அண்ணையின்ர முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?" என்று என்னிடம் கேட்டான். நான் மலாயில் சொன்னேன். கொஞ்ச காலத்துக்கு அவரைத் தேடிப் போகாதே, பேசாதே, இருவரையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி வரும் என்றார் என்சிக் ஹாஷிம். நீ இங்கே வந்து நின்றதை அவரிடம் நானே சொல்கிறேன் என்றார். மயூரன் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனான். என்சிக் ஹாஷிம் கதவைத் திறந்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறு வாரம் தற்காலிகக் கணக்குக்கான முன்மொழிவை அவரே எழுதினார். சலுகைக் கடிதத்தோடு வரும் எவருக்கும், பதிவு முடிந்தாலும் முடியாவிட்டாலும், வந்த நாளிலேயே கணக்கு. நிர்வாகக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். தணிக்கையில் கேள்வி வந்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். நான் என்றார் என்சிக் ஹாஷிம். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கொண்டுவந்த தேநீர் ஆறுவதற்குள் ஒப்புதல் ஆகிவிட்டது. இத்தனை சுலபமா என்று நினைத்தேன். முந்தின ஆண்டு இதையே செய்திருந்தால் லோகேஸ்வரன் இன்னும் ஆற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பார். வெளியே வரும்போது என்சிக் ஹாஷிம் என் பக்கம் திரும்பி, நீங்கள் கேட்டபோதே செய்திருக்க வேண்டும், பரமேஸ்வரி என்றார். அவர் பயத்தில் மறுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒழுங்காக இருக்க வேண்டும் என்றுதான் மறுத்தார்.

அந்த ஆண்டு முடிவில் அவர் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் காலமும் ஆனார்.

இடைநீக்கம் முடிந்ததும் லோகேஸ்வரனுக்கு நான் போன் செய்தேன். பழைய தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை கிடைத்துவிட்டது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள், பார்க்கலாம் என்றார். திரும்ப வரவில்லை. குளிர்பெட்டியில் இருந்த குப்பிகளைத் துறையில் யாரோ கொட்டிவிட்டுக் கழுவி வைத்தார்கள்.

மயூரன் படித்து முடித்தான். வாய்மொழித் தேர்வில் தேறிய அன்று லிட்டில் இந்தியாவில் வாங்கிய லட்டுப் பெட்டியோடு என்னைப் பார்க்க வந்தான். ஊருக்குத் திரும்பிப் பாடம் நடத்தப் போவதாகச் சொன்னான். "அண்ணை எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டான். வேலைக்குப் போகிறார், நன்றாக இருக்கிறார் என்றேன். "நல்லது" என்றான். வேறு ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனான்.

ஓய்வுக்குப் பிறகு நான் செபராங் ஜெயாவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தையில் கங்கோங் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, பரம் அக்காதானே என்று ஒரு குரல். லோகேஸ்வரன். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் செல்வி. ஷிப்டுக்குப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். நன்றாகத்தான் பேசினார்.

பேச்சு ஓடியதும் தற்காலிகக் கணக்கு பற்றிச் சொன்னேன். உங்கள் விஷயத்துக்குப் பிறகுதான் அது வந்தது, இப்போது எந்தப் பிள்ளையும் கடவுச்சொல் இரவல் கேட்க வேண்டியதில்லை என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நல்லதுதானேக்கா" என்றார். கீரைக் கட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, "அவன் முடிச்சிட்டானா?" என்றார்.

"மயூரனா? முடிச்சிட்டாரு. யாழ்ப்பாணத்துல படிச்சிக் குடுக்குறாரு."

"சந்தோசம்லா. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. அதான் கொஞ்சம்."

செல்வி குறுக்கே வந்தாள். "கொஞ்சமா? படிப்பு போனதுகூட இவருக்குப் பெருசாத் தெரியலக்கா. தம்பி மாதிரி வச்சிருந்தேன், அண்ணே எப்படி இருக்கீங்கன்னு ஒரு போன் அடிக்கலியேன்னு, ரொம்ப நாளு சோறு எறங்கல. திரும்பப் போய்ப் படிங்கன்னா, அந்த எடத்துக்கே வரமாட்டேன்னுட்டாரு."

"என்சிக் ஹாஷிம் ஒங்ககிட்டப் பேசலியா?" என்றேன்.

"இல்லியே. எதுக்கு?"

என்சிக் ஹாஷிம் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லட்டுப் பெட்டியோடு வந்த அன்று மயூரனும் அப்படித்தான் நினைத்திருப்பான். எல்லாம் தெரிந்தும் அண்ணன் தன்னைக் கூப்பிடவில்லை, இன்னும் கோபம் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பான். லோகேஸ்வரனோ, அவன் தன் முதுகில் ஏறி மறுகரைக்குப் போய்விட்டான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். என்சிக் ஹாஷிம் சொல்ல முயன்றாரா, தள்ளிப்போட்டாரா, மறந்தாரா? அவர் மறக்கிற ஆள் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் காலம் எடுக்கிறவர். இனி அவரைக் கேட்க முடியாது.

பாசார் நடுவில் நின்றபடி சொன்னேன். மயூரன் வந்தான் என்றேன். உங்கள் தண்டனையைக் கேட்டதும் வந்து, தானே செய்ததாக ஒப்புக்கொண்டான் என்றேன். அதை எழுத்தில் பதியாமல் விட்டது எங்கள் ஆபீஸ் என்றேன். உங்களைத் தேடிப் போகாதே என்று அவனிடம் சொன்னதும் நாங்கள்தான்.

லோகேஸ்வரன் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். செல்வி அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக, ஒரு தூணுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"அங்க நின்னானா, உக்காந்தானா?" என்று கேட்டார்.

"நின்னாரு. உக்காரச் சொன்னாங்க, உக்காரல."

"அழுதானா?"

"இல்ல."

"அழ மாட்டான் அவன்" என்றார். பிறகு, "எங்கண்ணேன்னா சொன்னான்?" என்றார்.

"அண்ணைன்னு சொன்னாரு. அண்ணையின்ர முகத்துல எப்பிடி முழிக்கிறதுன்னு கேட்டாரு."

மயூரனின் எண் என்னிடம் இருக்கிறது, இப்போதே கூப்பிடலாம் என்று கைபேசியை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்புறம் என்றார். அவர் கண்கள் என் முகத்தில் இல்லை; எங்கோ அந்த அறைக்குள் போயிருந்தன.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. மொதல்லேர்ந்து. அவன் கதவத் தட்டுனதுலேர்ந்து."

சொன்னேன்.